விழிதியூரில் படுத்து நெடுங்காட்டில் நின்றவள்

அன்னபூரணி விழிதியூரில் கட்டிலில் கண் திறந்து படுத்திருந்த அதே நேரத்தில், நெடுங்காட்டில் தன் தம்பியின் வயல் வரப்பில் நின்றுகொண்டும் இருந்தாள். விடியலில் நாற்றுப் பறிக்க வந்தவர்கள் முதலில் பயந்தார்கள். பிறகு அவளைச் சுற்றிக்கொண்டு போகப் பழகினார்கள். அவளுக்குத் தூக்கம் போய் அப்போது ஏழு மாதம். தம்பி முத்தையன் அந்த வரப்பில்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அக்காவுக்கு மூன்று முறை போன் செய்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பின் அவள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்து பார்த்துத் திருப்பி அழைத்தபோது அவன் உயிரோடு இல்லை; எடுத்தது வேறு யாரோ.

டாக்டர் கொடுத்த மாத்திரைகளில் நாக்கு மட்டும் மரத்துப்போனது. குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டாள். பாலை அடுப்பில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரவெல்லாம் கட்டிலை விட்டு இறங்காத அவள் பாதங்களில் காலையில் சேறு காய்ந்திருக்கும். கணவர் சிவநாதன் ஈரத்துணியால் துடைத்துவிடுவார். ஒருநாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைய எங்கயாவது கொண்டுபோய் விட்டுடுங்க, இனிமே முடியாது" என்றாள்.

பள்ளித் தோழி பத்ருன்னிசா, சிங்கப்பூரிலிருந்து மகள் பஹீமா அனுப்பிய சீன மருந்துப் பொட்டலத்தைக் கொண்டுவந்தாள். நம்மூர் இலந்தைக்கு உறவான ஒரு பழத்தின் கொட்டைப் பருப்பு, கூடவே ஏதோ வேர்கள். அங்குள்ள வைத்தியர் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். "ராத்திரியில உசுரு ஈரல்ல வந்து படுக்குமாம், அன்னம். அங்க ரத்தம் வத்திட்டா படுக்க எடமில்லாம வெளிய அலையுமாம். இந்த விதை அதுக்கு எடம் போட்டு வைக்கும். வர்றது அதோட இஷ்டம்."

டாக்டரிடம் கேட்டு மாத்திரையைக் குறைத்துக்கொண்டு பதினாறு நாள் அந்தப் புளித்த கஷாயத்தைக் குடித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பதினேழாம் நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் அவளே வந்து நின்றாள், முழங்கால்வரை சேற்றோடு.

கட்டிலில் இருந்தவள் எழுந்துபோய், "அவன் கோவமா இருக்கானா?" என்று கேட்டாள்.

"கேட்டேன். பதிலே சொல்லல" என்றாள் வந்தவள். "கால் வலிக்குது."

சிவநாதன் இருவரையும் பார்த்தார். வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கட்டிலில் சுவர்ப்பக்கம் நகர்ந்து இடம் விட்டார். படுத்தபோது ஒருத்திதான் இருந்தாள். அன்று மூன்று மணி நேரம் தூங்கினாள்.

அதற்குமேல் இன்றுவரை கூடவில்லை. குறுவை அறுப்புச் சமயத்தில் இன்னமும் வரப்பில் நிற்பதுண்டு. "நேரமாச்சுக்கா, வீட்டுக்குப் போங்க" என்று ஆட்கள் சொன்னால், தலையாட்டிவிட்டு விழிதியூரைப் பார்த்து நடக்கிறாள்.