தண்ணிக் கோட்டுக்குக் கீழே

லோகநாயகி அக்கா கப்பலைக் கையில் வாங்கியதும் முதல் வேலையாக அதைக் கவிழ்த்துப் பார்த்தார். காட்டுப்பாக்கத்தில் பிளவுஸ் தைக்கிறவர். எந்தத் துணியைக் கொடுத்தாலும் உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்துப் பழகிய கை. கப்பல் ஒரு சாண்கூட இருக்காது. மேலே கிரேன், புகைபோக்கி, ஆட்கள் தங்கும் அறைகள், தலைமுடி கனத்தில் கம்பிவேலி என்று ஒன்று விடாமல் இருந்தது. அடியில் ஒன்றுமே இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த வழவழப்பான தட்டை, அவ்வளவுதான். அக்கா அதன்மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். பிறகு நாங்கள் எதையோ மேஜை அடியில் தவறவிட்டுவிட்டோமோ என்கிற மாதிரி கீழே குனிந்து பார்த்தார்.

"மீதி எங்க பாய்?"

என் வீட்டுக்காரர் சிரித்தார். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்விதான் அது. "தண்ணிக்கு மேல தெரியறத மட்டுந்தான்க்கா செய்வோம். தண்ணிக் கோட்டோட வெட்டிருவோம். மேஜை மேல வெச்சீங்கன்னா மேஜைதான் கடலு. இந்தச் சின்ன அளவுல உலகம் பூரா இப்படித்தான் செய்யறாங்க."

அக்கா கப்பலை நிமிர்த்தி வைத்தார். கோபமெல்லாம் இல்லை.

"எம் புள்ள கீழதானே பாய் இருந்தான்," என்றார்.

எனக்குக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. என் வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்துவிட்டார். சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட இடுக்கியைக் கீழே வைக்காத மனிதர்.

எங்கள் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் ஒரு அறை. என் வீட்டுக்காரர் பஷீருதீன் அம்பத்தூர் எஸ்டேட்டில் டூல் ரூமில் இருந்தவர். கம்பெனியை மூடியதும் இதில் இறங்கினார். வெள்ளை பிளாஸ்டிக் ஷீட்டை பிளேடால் கீறி, உடைத்து, ஒட்டி, ஒரு கப்பலை முழுக்கக் கையால் செய்வார். அது மூலம். அதைச் சுற்றி ரப்பர் ஊற்றி அச்சு எடுப்பது நான். அச்சில் ரெசின் என்கிற திரவப் பிளாஸ்டிக்கை ஊற்றி, பழைய ஃபிரிட்ஜிலிருந்து கழற்றிய கம்ப்ரஸரை வைத்துக் காற்றை உறிஞ்சி, குமிழி இல்லாமல் பிரதி எடுப்பதும் நான்தான். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. பேசினாலும் மில்லிமீட்டரில்தான் பேசுவார். நிக்காஹ் ஆன புதிதில் என்னிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்ல அவருக்கு ஒரு மாதம் பிடித்தது. அதிலும் என் பொட்டு அளவு மச்சத்துக்கு ஒரு அளவு சொன்னார். என் தலையெழுத்து என்று சிரித்துக்கொண்டேன்.

கௌதம் லோகநாயகி அக்காவுக்கு ஒரே பையன். ஒரு சின்ன சரக்குக் கப்பலில் இஞ்சினுக்கு எண்ணெய் போடும் வேலை. போன வருஷத்துக்கு முந்தின மழைக்காலத்தில் நடுக்கடலில் சரக்கு ஒரு பக்கமாகச் சரிந்து கப்பல் சாய்ந்துவிட்டது. மேலே இருந்தவர்கள் எல்லோரும் ரப்பர் படகில் குதித்துத் தப்பித்தார்கள். அந்த நேரத்தில் இஞ்சின் ரூமில் டியூட்டி பார்த்தவன் கௌதம் ஒருவன்தான். உடம்பு கிடைக்கவில்லை. தப்பியவர்கள் சேர்ந்து அந்தக் கப்பலின் ஞாபகமாக ஆளுக்கொரு மாடல் வேண்டும் என்று முடிவு செய்தபோது, எங்கள் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பது அக்காதான் என்று அவரிடம் போட்டோக்களைக் கொடுத்து அனுப்பினார்கள். அப்படித்தான் அக்கா எங்கள் மாடிக்கு வந்தார்.

வந்த முதல் நாளே தனக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார். "ஒவ்வொருத்தன் ஒண்ணு சொல்றாம்மா. படி ரொம்பவாம், ஏறி வர டைம் இல்லையாம். ஒர்த்தன் கதவு மூடிக்கினுச்சுன்றான். கீழேர்ந்து மேல வர எவ்ளோ தூரம்னு என் கண்ணால பாக்கணும். பாத்துட்டன்னா அப்பறம் கருமாதிய பத்தி யோசிக்கறேன்." அவருடைய தம்பி சின்னசாமி கருமாதி செய்தே ஆகவேண்டும் என்று மாசாமாசம் வந்து உட்கார்ந்துவிடுகிறாராம். தர்ப்பையில் உருவம் செய்து எரித்துவிடலாம் என்கிறாராம். அக்கா பிடி கொடுக்கவில்லை. கௌதமின் போன் நம்பர் வேறு யாருக்கும் போய்விடக் கூடாது என்று இன்னும் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தார்.

இவ்வளவையும் நாங்கள் இரண்டு பேரும் கேட்டோம். கேட்டு உச்சுக் கொட்டினோம். அப்புறம் அவர் எப்போதும் போல ஷீட்டை எடுத்தார், தண்ணிக் கோட்டில் கோடு கிழித்தார், வெட்டினார். நான் எப்போதும் போல ஊற்றினேன். காது கேட்டது, கை கேட்கவில்லை. நியூஸ்பேப்பர்மேல் வரிசையாக நின்ற மற்ற கப்பல்களைப் பார்த்தேன். தப்பித்தவர்களுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அவர்கள் ஓடியது, குதித்தது எல்லாம் அந்தப் பாதியில்தான்.

"கீழ்ப் பாதியும் செஞ்சு தரேன்க்கா," என்றார் என் வீட்டுக்காரர்.

கப்பலின் அடிப்பாகத்தை யார் போட்டோ எடுக்கிறார்கள்? தப்பியவர்களில் ஒருவர், கப்பல் எப்போதோ ரிப்பேருக்குக் கரையேறியபோது எடுத்த படத்தைத் தேடி அனுப்பினார். படிக்கட்டு எங்கே திரும்பும், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று போனில் சொன்னார். அந்தப் படத்தைப் பார்த்து என் வீட்டுக்காரர் அடிப்பாகத்தின் வளைவைச் செய்தார், நான் அச்செடுத்து ரெசின் ஊற்றிக் கொடுத்தேன். கெட்டியான, கனமான, ஒரு குமிழிகூட இல்லாத வார்ப்பு. எனக்கே பெருமையாக இருந்தது. அக்கா வந்து அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்.

"உள்ள எடமே இல்லியேம்மா. இதுல அவன் எங்க நிப்பான்?"

எனக்கு எரிச்சல் வந்தது, பொய் சொல்வானேன். உள்ளே கூடாக இருக்கிற மூலத்தை நாங்கள் அச்சுக்கு விடவே மாட்டோம். காற்றை உறிஞ்சும்போது ஷீட் பிதுங்கி, ஒட்டு விட்டுவிடும். அதனால் எதைச் செய்தாலும் உள்ளே அடைத்துவிடுவோம். "அக்கா, மேல் பாதியோட ஒட்டிட்டா உள்ள இருக்கறது யாருக்குமே தெரியாதுக்கா," என்றேன்.

"உள் தையலுந்தான் யாருக்கும் தெரியாது. அதுக்குன்னு நான் தைக்காம உட்டுர்றனா?"

என் வீட்டுக்காரர் புது ஷீட்டை எடுத்துவிட்டார். இதற்கு அச்சு இல்லை, பிரதி இல்லை, இது ஒன்றே ஒன்றுதான் என்று எனக்குப் புரிந்தது. அன்றிலிருந்து அக்கா மதியங்களில் தையல் கடையைச் சாத்திவிட்டு வர ஆரம்பித்தார். மெட்ரோ வேலையின் தூசியெல்லாம் முந்தானையில் அப்பிக்கொண்டு வருவார். மகன் போனில் சொன்னதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வார். இஞ்சின் பக்கத்தில் உட்கார ஒரு பலகை போட்டிருந்தானாம். சூடு தாங்காமல் பனியனோடுதான் நிற்பானாம். சத்தத்தில் காது அடைத்துப்போய், கரைக்கு வந்த பிறகும் வீட்டில் கத்திக் கத்திப் பேசுவானாம். என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே வெட்டுவார். அந்தப் பலகையைச் செய்தார். இடுக்கியில் பிடிக்கவே முடியாத அளவுக்கு ஒரு துணுக்கு. மூச்சு விட்டால் பறந்துவிடும் என்று ஃபேனை நிறுத்திவிட்டு, இரண்டு பேரும் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருந்தார்கள். நான் என் அச்சு வேலையைப் பார்க்கிற மாதிரி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்த அன்று, என் வீட்டுக்காரர் அடிப்பாதியை லென்ஸ் விளக்கின் கீழ் வைத்தார். மேலே மூடி இல்லாத வெள்ளைக் கூடு. அக்கா லென்ஸில் குனிந்தார். "இது இஞ்சின்க்கா. இது பலகை. இங்கேர்ந்து படி. இந்த எடத்துல ஒரு திருப்பம், மறுபடி படி. இதான் கதவு. கதவத் தாண்டினா மேல் தட்டு." ஊசி முனையால் ஒவ்வொன்றாகக் காட்டினார். அக்கா வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு சுண்டுவிரலைக் கொண்டுபோய்ப் படிக்குப் பக்கத்தில் வைத்தார். கீழ்த்தட்டிலிருந்து கதவு வரைக்கும் இருந்த படி மொத்தமும் அந்த ஒரு நகத்துக்குள் அடங்கிவிட்டது.

"இவ்ளோதானா பாய்?"

நிஜத்தில் எத்தனை மீட்டர் என்று அவர் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. "இவ்ளோதான்க்கா," என்றார்.

"நான் இன்னாவோ ரொம்ப தூரம்னு நெனச்சிகினு இருந்தேன். அதான் வர்றதுக்கு இவ்ளோ நாளாவுதுன்னு."

வெளியே தூண் போடுகிற மெஷின் இடித்துக்கொண்டிருந்தது. அக்கா அழுவார் என்று நான் தண்ணீர் சொம்போடு நின்றேன். அழவில்லை. அந்தக் கூட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு அறையைக் காலி செய்துவிட்டுப் போகிறவர்கள் கடைசியாக ஒரு தடவை எட்டிப் பார்ப்பார்களே, அப்படி.

"அக்கா, மேல் பாதிய ஒட்டாம வேணா விட்டுடறேன்," என்றார் என் வீட்டுக்காரர். "மூடி மாதிரி தொறந்து பாத்துக்கலாம். எப்ப வேணாலும்."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்குப் பயமாகிவிட்டது. தினமும் காட்டுப்பாக்கத்து வீட்டில் அந்த மூடி திறக்கும், மூடும், திறக்கும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அக்காவின் முகத்தைப் பார்த்தபடி நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார், மாட்டிக்கொண்டார், இன்னொரு முறை லென்ஸில் குனிந்தார்.

"வாணாம் பாய். ஒட்டிடுங்க."

என் வீட்டுக்காரர் இரண்டு டியூப் பசையையும் பிதுக்கி, குச்சியால் கலந்து, விளிம்பு முழுக்க மெல்லிசாகத் தடவினார். மேல் பாதியை எடுத்து மூடப் போனவர், என்ன நினைத்தாரோ, அதை அக்காவிடம் நீட்டினார். அக்கா வாங்கி, விளிம்போடு விளிம்பு சேர்த்து, துணியின் இரண்டு ஓரத்தைப் பொருத்துகிற பதத்தில் மெதுவாக மூடினார். கோட்டில் கசிந்த பசையை நான் பஞ்சால் துடைத்தேன். காயும்வரை இறுக்கிக் கட்ட அவர் ரப்பர் பேண்டை எடுத்தார். அக்கா தலையை அசைத்தார்.

"நானே புடிச்சிக்கறேன்."

பசை எப்போதோ இறுகியிருக்கும். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். இருக்கட்டும், விடுங்கள் என்று நான் கண்ணைக் காட்டினேன். லோகநாயகி அக்கா கப்பலை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அழுத்திய அழுத்தில் கட்டைவிரல் நகங்கள் இரண்டும் வெளுத்துப் போயிருந்தன.