பெரிசு மேலே

"சாவியக் குடுங்க. வெள்ளோட்டம் நான்தான் ஓட்டணும்."

தமிழ்நிலா நீட்டிய கையை மடக்கவில்லை. பட்டறை முதலாளி துரைராசுவுக்கு முகம் கறுத்தது. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சொல்லி வைத்திருந்தார். "லீவு கேளு, அட்வான்ஸ் கேளு. கல்யாணம் ஐயா வீட்டு வண்டிச் சாவிய மட்டும் கேட்டுடாத. இருபத்தெட்டு வருசமா அவங்க வண்டியப் பாக்குறேன், நானே தள்ளித்தான் உள்ள கொண்டாந்திருக்கேன். அந்த சீட்ல நம்மாளு யாரும் உக்காந்ததில்ல." இதைப் பெருமையாக வேறு சொன்னார் மனுசன்.

வண்டி, கல்யாணத்தின் அப்பா காலத்து ஃபோர்டு. பேரன் வசிஷ்ட் பெங்களூரிலிருந்து வந்து, கூரையை இறக்கி, மட்கார்டுகளைக் கழற்றி, பெரிய எஞ்சினை வைத்து, "ஹாட் ராட்" என்று பேர் சூட்டியிருந்தான். அதற்குத் தோதாக அமெரிக்காவிலிருந்து ஒரு பின் ஆக்சிலையும் தருவித்தான். குயிக் சேஞ்ச் என்று பேர். பின்பக்க மூடியைக் கழற்றினால் பெரிசும் சிறிசுமாய் இரண்டே பல்சக்கரம், மேலே ஒன்று, கீழே ஒன்று. அவற்றை இடம் மாற்றிப் போட்டால் போதும், நல்ல ரோட்டில் பறக்கிற வண்டி, மெதுவாக இழுக்கிற வண்டியாகிவிடும். பத்து நிமிஷ வேலை.

மாற்றுவதற்குத்தான் பத்து நிமிஷம். பொருத்துவதற்குப் பத்தொன்பது நாள். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு துரைராசு மூன்று நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கையேட்டைப் படித்தது, எஞ்சினிலிருந்து ஆக்சிலுக்குப் போகிற புரொப்பல்லர் ஷாஃப்டை அளந்து வெட்டச் சொன்னது, தாங்கு பட்டைகளுக்கு வரைபடம் போட்டது, மல்லாந்து படுத்து போல்ட் முறுக்கியது எல்லாம் தமிழ்நிலா. பி.இ. மெக்கானிக்கல். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்து படித்தவள். பொருத்தியவள் ஓட்டிப் பார்த்துச் சத்தம் கேட்டால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். அதைத்தான் கேட்டாள்.

கல்யாணம் நாற்காலியில் இருந்தபடி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, நீ எந்த ஊர்?"

"பூதலூர் பக்கம்."

"பூதலூர்ல எந்தத் தெரு?"

"தெருவச் சொன்னா சாவி தருவீங்களா?"

வசிஷ்ட் சிரித்து மழுப்பினான். "நான் ஓட்டிக்கறேன். அதுக்கு முன்னாடி கியர் மாத்தறத வீடியோ எடுக்கணும். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஃப்ரேம்ல விழறீங்க."

அவள் தள்ளி நின்றாள். வசிஷ்ட் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுப் புதுக் கையுறை மாட்டிக்கொண்டான். எண்ணெயை துரைராசு வடித்துக் கொடுத்தார், நட்டுகளையும் அவரே தளர்த்திக் கொடுத்தார். மூடியை எடுத்த கையை மட்டும் கேமராவுக்குக் காட்டினான். இரண்டு பல்சக்கரத்தையும் உருவித் துடைத்து, திரும்ப மாட்டப் போனவனைத் தாத்தா தடுத்தார்.

"ஏண்டா, பெரிசு கீழயும் சிறிசு மேலயுமா இருந்தது? பார்க்கவே நன்னாயில்லையே. பெரிசுன்னா மேலதான் இருக்கணும்."

"கரெக்ட் தாத்தா. லுக்கும் நல்லாருக்கும்."

"மாத்திப் போடாதீங்க," என்றாள் தமிழ்நிலா. "பெரிசு கீழ இருந்தாத்தான் ரோட்டுக்குச் சரி. மேல போட்டா எஞ்சின் கத்தும், வண்டி ஓடாது."

"நிலா, சும்மாரு," என்று பல்லைக் கடித்தார் துரைராசு. "ஐயா சொல்றாங்கல்ல."

ஐயா சொன்னால் பல்சக்கரம் கேட்குமா? அவருடைய அப்பன் நிலத்தில் ஆளுக்கொரு இடம் குறித்து நிறுத்தியதுபோல இரும்பையும் நிறுத்தப் பார்க்கிறார். இரும்புக்கு அந்தப் பயம் எல்லாம் கிடையாது.

வசிஷ்ட் பெரிசையே மேலே மாட்டினான்; துரைராசு மூடியை முடுக்கி எண்ணெய் ஊற்றினார். வண்டி கிளம்பியது. தாத்தாவும் பேரனும் முன்னால், பட்டறையே வேடிக்கை பார்க்க. வல்லம் ரோட்டில் திரும்புவதற்குள் கத்த ஆரம்பித்துவிட்டது. கதிரடிக்கிற மெஷின் தோற்றது. அத்தனை கத்தலுக்கும் வேகம் மட்டும் ஏறவில்லை. வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று ஹாரன் அடித்துவிட்டு அதை முந்திப் போனது. டிராக்டர்க்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தது இங்கிருந்தே தெரிந்தது.

தமிழ்நிலா போனை எடுத்தாள். குத்தாலத்தில் அறுவடை மெஷின் வைத்திருக்கும் முகம்மது யூசுப் இரண்டு மாதமாக வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், கியர்பாக்ஸ் பக்கத்தை அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று. 'திங்கக்கிழமை வர்றேண்ணே' என்று அனுப்பினாள்.

வண்டி புகைந்துகொண்டு திரும்பியது. வசிஷ்டின் முகத்தில் வேர்வை. "ஃபிட்டிங்ல ஏதோ தப்பு இருக்கு. வீடியோவே வேஸ்ட்."

"பொம்மனாட்டி கைவேலை," என்றார் கல்யாணம்.

துரைராசு அவளை ஓரமாக இழுத்தார். "தப்பு என்னுதுதான்னு ஒரு வார்த்தை சொல்லிடு தாயி. அவங்களும் சமாதானமாயிடுவாங்க. பொறவு நாமளே மாத்திப் போட்டுக்கலாம்."

"நான் பொருத்துனதுல தப்பு இல்ல. உங்களுக்கும் அது தெரியும்."

"தெரியுதும்மா. அவங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

"இருபத்தெட்டு வருசமா தள்ளுனீங்கல்ல, இன்னும் தள்ளுங்க."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு நேராக கல்யாணத்தின் முன்னால் போய் நின்றாள்.

"மாத்திப் போட்டது நீங்க. பெரிசக் கீழ போடுங்க, ஓடும். யாரு போட்டாலும் ஓடும்."

"ஏய், எங்க போற?" என்றார் துரைராசு.

தமிழ்நிலா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஸ்டாண்டில் இன்னும் ஓடிக்கொண்டிருந்த கேமராவின் முன்னால், வசிஷ்டின் ஃப்ரேமுக்குக் குறுக்காகவே நடந்து, ரோட்டில் இறங்கினாள்.