நாற்பத்து மூன்று புள்ளிகளும் அக்காவின் முழங்காலும்

1

இந்தக் கதை எப்படி வந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பேனாவுக்கு ரீஃபில் வாங்கப் போனேன். கடை எதிர்ச்சாரியில். பதினோரு நிமிடம் நின்றேன். ஒரு வண்டியும் வழி விடவில்லை. கையைக் காட்டினேன், ஒரு காலை இறக்கினேன், இறக்கிய காலை மரியாதையாகத் திரும்ப எடுத்துக்கொண்டேன். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து, வந்த கோபத்தில் பென்சிலால் எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் எழுதுகிறவன் முதலில் யாரையாவது கொல்வான். நானும் ஒருத்தியைக் கொன்றேன்.

(பதறாதீர்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்தாயிற்று. ஏன் என்று பின்னால் வரும்.)

ஒன்று மட்டும் இப்போதே கேட்டுக்கொள்கிறேன்: உங்களிடம் வண்டி இருக்கிறதா? இருந்தால் நல்லது. கடைசியில் தேவைப்படும்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில் நகரத்தின் சாலைகள்—" வேண்டாம். இந்த மழை எல்லார் கதையிலும் பெய்துவிட்டது.

இரண்டாவது: "ஆண்டுதோறும் சாலையைக் கடப்பவர்களில் எத்தனை பேர்—" இது சுற்றறிக்கை.

மூன்றாவது: "அலுவலகத்தில் அவளைப் புள்ளி என்றுதான் கூப்பிட்டார்கள்." இது இருக்கட்டும்.

பெரிய புள்ளி என்று நினைத்துவிட வேண்டாம். மாநகராட்சிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், சாலைப் பாதுகாப்புப் பிரிவில், திறக்க வராத ஜன்னலுக்குப் பக்கத்தில் அவள் மேசை. காவல் நிலையங்கள் கணினியில் பதியும் விபத்துகளை வாங்கி, நகர வரைபடத்தில் விபத்துக்கு ஒரு சிவப்புப் புள்ளி வைப்பது அவள் வேலை. வைத்த படத்தை இணையதளத்தில் போட்டுவிடுவாள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். யாரும் பார்ப்பதில்லை.

அந்த வருடம் நடந்து போகிறவர்களுக்காக ஒரு சிக்னல் வைக்க அனுமதி வந்தது. ஒன்றே ஒன்று. எங்கே வைப்பது? அவள் எண்ணினாள். நகரத்திலேயே அதிகமாக நாற்பத்து மூன்று புள்ளிகள் ஒரே இடத்தில் குவிந்திருந்தன, ஒரு காவல் நிலையத்தின் வாசலில்.

"போலீஸ் ஸ்டேஷன் வாசல்லயா?" என்றார் பொறியாளர்.

கூட்டத்தில் ஆளுக்கொரு விளக்கம் தயாராக இருந்தது. போலீஸைப் பார்த்ததும் வண்டிக்காரனுக்குக் கை நடுங்கும் என்றார் ஒருவர். புகார் கொடுக்க வருகிறவன் அக்கம்பக்கம் பார்க்கமாட்டான் என்றார் இன்னொருவர். (ஒரு எண்ணைக் கொடுத்தால் போதும், காரணத்தை நாமே தேடிக் கொண்டுவந்துவிடுவோம். எழுதும்போது நானும் நம்பினேன்.) திங்கட்கிழமை காலை குழி தோண்டுவது என்று முடிவானது.

3

அவளுடைய அக்கா தையல்காரி. வீடு சாலைக்கு இந்தப் பக்கம், கடை அந்தப் பக்கம், நடுவில் சந்தை வளைவு. போன வருடம் அங்கே ஒரு வண்டி தட்டிவிட்டுப் போனதில் இடது முழங்காலில் தகடு வைத்திருக்கிறது. அன்றிலிருந்து அக்கா தனியாகக் கடப்பதில்லை. ஓரத்தில் நின்று, முகம் தெரிந்தவர்கள் யாராவது வரும்வரை காத்திருந்து, கையைப் பிடித்துக்கொண்டு கடப்பாள். ஊருக்கெல்லாம் அளவெடுத்த கை அது. இன்னொருவர் கையைத் தேடி நிற்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

சனிக்கிழமை மதியம், தங்கை கடைக்கு வந்தபோது அக்கா ஃபோனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டிருந்தாள்.

"உன் படத்தைத்தான் பார்க்குறேன்டி."

"நிஜமாவா? எங்க ஆபீஸ்லயே யாரும் பார்க்கமாட்டாங்க."

"என்னோடது எங்கே?"

"என்னது?"

"என் புள்ளி. நான் விழுந்தேன்ல? சந்தை வளைவுல ஒண்ணுமே காணோம். பெருசு பண்ணிப் பார்த்துட்டேன், கண்ணாடி போட்டும் பார்த்துட்டேன்."

"கேஸ் பதிவாகாம இருந்திருக்கும்க்கா."

"கையெழுத்துப் போட்டதே நான்தான். கால்ல தகடு இருக்கு, உன் படத்துல புள்ளி இல்ல. ரெண்டுல எதுடி பொய்?"

புள்ளி தன் ஃபோனை எடுத்தாள். அக்கா பத்திரமாக வைத்திருந்த காகிதத்தில் வழக்கு எண் இருந்தது. அதை வைத்துத் தேடினாள். கிடைத்தது, காவல் நிலைய வாசலில், நாற்பத்து மூன்றில் ஒன்றாக. சொந்த அக்காவையும் சேர்த்துத்தான் எண்ணியிருக்கிறாள், அது தெரியாமலே. வெட்கமாக இருந்தது.

4

இந்த இடத்தில் எனக்கு இவள்மேல் சந்தேகம் வந்தது. கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டிய பிறகு, 'நான் தப்பாகக் காட்டிவிட்டேன்' என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? நானாக இருந்தால் காதும் காதும் வைத்த மாதிரி விட்டிருப்பேன். "அவள் ஃபோனை மூடிவிட்டு, வந்த வேலையைப்—" என்றுகூட எழுதினேன். அவள் மூடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் காவல் நிலையத்தில் நின்றாள்.

பதிவு எழுதும் எழுத்தர் நல்ல மனிதர்.

"படத்துல இடத்தைக் குறிக்காம அந்தப் படிவம் விடாது மேடம். ஆனா படம் திறக்கும்போதே குறி நம்ம ஸ்டேஷன் மேலதான் நிக்கும். சரியான இடத்துக்கு இழுத்து வைக்கணும். இந்த மிஷின்ல இழுத்தா தொங்கிடுது. எதிர்ல அழுதுகிட்டு ஆள் நிக்கும்போது எங்கே இழுக்கிறது? அப்படியே சேமிச்சிடுவேன்."

"எல்லாத்தையுமா?"

"ஆனா நோட்டுல இடத்தைச் சரியா எழுதியிருக்கேன். யாராவது கேட்டா காட்டலாம்னு. யாரும் கேக்கல."

நோட்டைத் திறந்தார். அக்கா இருந்தாள்: 'சந்தை வளைவு, மருந்துக்கடை எதிரில். பெண், தையல் வேலை. இடது முழங்கால். வலியிலும் துணிப்பையை விடவில்லை.'*

\* நான் மூன்று பக்கம் எழுதியும் வராத அக்கா அவருக்கு ஒரே வரியில் வந்திருந்தாள். கொஞ்சம் பொறாமைதான்.

அவள் வாசிக்க, அவர் இழுக்க, மிஷின் நான்கு தடவை தொங்கியது. மதியத்துக்குள் முப்பத்தொரு புள்ளிகள் சந்தை வளைவுக்குப் போய்ச் சேர்ந்தன. பதினொன்று வேறு வேறு தெருக்களுக்கு. வாசலில் ஒன்று மிச்சம்.

"அது அசல் மேடம்," என்றார் எழுத்தர் குரலைத் தாழ்த்தி. "எங்க ஜீப்பே பின்பக்கமா வந்து இடிச்சது."

5

பொறியாளரை வில்லனாக்கத்தான் பார்த்தேன். மீசைகூட வைத்தேன். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் அவர் வீட்டு வாசலில் நின்று, தப்பு தன்னுடையது என்று தொடங்கி எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது, அந்த மீசை உதவவில்லை.

"ஏம்மா, இதை நாளைக்கு வந்து சொல்லியிருந்தா?"

"தோண்டியிருப்போம் சார்."

"வச்சும் இருப்போம். அப்புறம் புள்ளி ஏன் குறையலன்னு மண்டையைப் பிச்சுக்கிட்டு இருப்போம்." ஃபோனை எடுத்தார். "கடப்பாறையைக் கீழே போடுங்கப்பா. இடம் மாறுது." வைத்துவிட்டு நீளமாக மூச்சு விட்டார். "நல்லவேளை. உங்க அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லு."

அவள் படியிறங்கி வந்து, தெருவில் நின்று, கொஞ்சம் அழுதாள். நிம்மதியில் வரும் அழுகை.

கிழித்த பக்கத்தில் சிக்னல் காவல் நிலைய வாசலிலேயே வந்தது. அக்கா வளைவில் செத்தாள். ஆனால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் புள்ளியைத் தேடுகிறவளைக் கொல்ல எனக்கு மனசு வரவில்லை. கிழித்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

6

முடிவு (அ): புள்ளிக்கு மேடையில் பாராட்டு. அவளுக்குப் பிடிக்காது.

முடிவு (ஆ): ஒரு வருடம் கழித்து வளைவில் ஒரு புள்ளிகூட— எழுத ஆசைதான். ஆனால் அந்த வருடம் இன்னும் கழியவில்லையே.

முடிவு (இ): நடக்கிறவர்களுக்கான பச்சை விளக்குக்கு விதிப்படி பன்னிரண்டு வினாடி என்றார்கள். பொறியாளர் வண்டிகளை நிறுத்திவைத்து அக்காவை நடக்கச் சொன்னார். பத்தொன்பது ஆனது. அவர் இருபத்திரண்டு என்று எழுதினார்.

"வண்டிக்காரங்க திட்டுவாங்க சார்," என்றாள் புள்ளி.

"திட்டட்டும். நின்னுகிட்டுதானே திட்டுவாங்க?"

இது பிடித்திருக்கிறது. ஆனால் முடியவில்லை. ஏனென்றால் இதோ, முதல் நாள் மாலை, பச்சை விழுந்து, அக்கா துணிப்பையோடு இறங்கிவிட்டாள். யார் கையையும் பிடிக்காமல், யார் முகத்தையும் பார்க்காமல். இப்போது நடுச்சாலையில் இருக்கிறாள். இன்னும் ஒன்பது வினாடி.

வண்டி இருக்கிறதா என்று கேட்டேனே. வெள்ளைக் கோட்டில் முதலாவதாக நிற்பது நீங்கள்தான். பின்னால் ஒருவன் ஹாரன் அடிக்கிறான். அடிக்கட்டும். பிரேக்கில் இருக்கும் உங்கள் காலை நம்பித்தான் பென்சிலைக் கீழே வைக்கிறேன்.