அரை அடி பின்னால்

முதுமை ஆராய்ச்சி நிலையம் என்று வாசலில் பலகை தொங்கியதால், உள்ளே சாகாவரம் காய்ச்சுகிறார்கள் என்றே அந்தத் தெருக்காரர்களில் பாதிப்பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் ஏமாந்துபோவார்கள். தரையில் நான்கு மீட்டருக்கு ஒட்டிய மஞ்சள் நாடா, கை இல்லாத ஒரு நாற்காலி, கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்க ஒரு மனிதர். அவ்வளவுதான். அந்த மனிதரை எல்லோரும் நொடிக்காரர் என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

ஆய்வுக்குப் பெயர் கொடுத்தவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை வருவார்கள். அவர்களை நாடாவின் மேல் நடக்கவிட்டு நொடி எண்ணுவதுதான் அவர் வேலை. "இதுக்கா இவ்வளவு பெரிய கட்டடம்?" என்று கேட்காத ஆளில்லை.

"முகத்துக்குச் சாயம் பூசலாம், தலைக்கு மை அடிக்கலாம். நடைக்கு என்னத்தப் பூசுவீங்க?" என்பார் அவர்.

அது வெறும் வாய்ச்சவடால் இல்லை. நாலு எட்டு நடக்க இதயம், நுரையீரல், நரம்பு, கண், தசை எல்லாம் ஒத்துழைக்கவேண்டும். வயதாக ஆக உடம்பின் செல்களுக்குத் தங்களைப் பழுதுபார்த்துக்கொள்ளும் சுறுசுறுப்பு போய்விடுகிறது. தசை சத்தமில்லாமல் கரைகிறது. காய்ச்சலில் மூன்று வாரம் படுத்து எழுந்தால் கால் பாதியாகிவிடும். அந்தச் சமயத்தில் பிடித்து எடை தூக்கவைத்தால் போன பலத்தில் ஒரு பங்கையாவது மீட்டுவிடலாம். நேரம் தவறினால் கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான்.

அதற்காக நிலையத்தில் ஒரு வரையறை வைத்திருந்தார்கள். ஐந்து நொடிக்குள் நாடாவைக் கடந்தால் கவலையில்லை, வீட்டுக்குப் போகலாம். ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் என்றால் மாடியிலிருக்கும் பயிற்சிக்கூடத்தில் இடம். வாரம் மூன்று நாள், ஆள் பக்கத்தில் நிற்க, எடை தூக்கலாம். ஏழு நொடியைத் தாண்டியவர்களைச் சேர்ப்பதில்லை. எடையோடு விழுந்து தொலைத்தால் யார் பதில் சொல்வது?

நொடிக்காரரின் மனைவியும் அந்த ஆய்வில் இருந்தாள். அறுபதாவது வயதில் சேர்ந்தாள்; இப்போது அறுபத்தேழு. அவரைவிட ஒரு வயது மூத்தவள். "மூத்தவ சொல்றேன், கேளுங்க" என்று ஆரம்பித்துத்தான் அவரிடம் எதையும் சாதித்துக்கொள்வாள். நாற்பது வருஷம் அச்சகத்தில் நின்றுகொண்டே தாள் அடுக்கியவள். அவள் கால்களைப் பற்றி அவருக்கு ஒரு கர்வமே உண்டு. வருஷா வருஷம் அவளை அவரே அளந்தார். நாலரை நொடி, நாலே முக்கால், நாலரை. வயசுப்பெண் தோற்றாள் என்று அளவுத்தாளை டாக்டரம்மாவிடம் நீட்டும்போது முகமெல்லாம் பல்லாக இருக்கும்.

இரண்டு வருஷம் முன்பு அவளுக்கு நெஞ்சில் சளி கட்டி, மூன்று வாரம் ஆஸ்பத்திரிப் படுக்கை. தேறி வந்த பிறகும் அளந்தார். நாலே முக்கால். கடவுளே, தப்பித்தோம் என்று அன்று கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். அடுத்த வருஷமும் அதே நாலே முக்கால்.

ஏழாவது வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது: சொந்தக்காரரைச் சொந்தக்காரர் அளக்கக்கூடாது. "வேற யாராவது அளக்கட்டுமே, எனக்கென்ன?" என்று நொடிக்காரர் வாட்சைக் கழற்றி நர்ஸம்மாவிடம் கொடுத்தார்.

அவள் நடந்தாள். நர்ஸம்மா வாட்சைப் பார்த்தாள், நாடாவைப் பார்த்தாள். இன்னொரு தடவை நடக்கச் சொன்னாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "ஏழு புள்ளி ஆறு, சார்."

"வாட்ச்ல கோளாறு இருக்கும்."

"உங்க வாட்ச்தான் சார்."

"அப்ப நீங்க லேட்டா அமுக்கியிருப்பீங்க. குடுங்க இங்க!" நொடிக்காரர் ஏறக்குறைய பிடுங்கிக்கொண்டார். மனைவியை மறுபடி கோட்டில் நிறுத்தி, "போலாமா?" என்றார். நடந்தார்கள். நாலே முக்கால் நொடி. "பாத்தீங்களா?" என்று வாட்சைத் தூக்கிக் காட்டினார்.

சத்தம் கேட்டு வந்த டாக்டரம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தார். அவர் வாட்சைப் பார்க்கவேயில்லை.

"சார், எப்பவும் அங்கதான் நடப்பீங்களா?"

"எங்க?"

"அவங்க பக்கத்துல."

நொடிக்காரர் குனிந்து நாடாவைப் பார்த்தார். அளப்பவர் அரை அடி பின்னால் வரவேண்டும். அது முதல் பாடம். பக்கத்தில் ஆள் வந்தால் நடப்பவர் தன்னையறியாமல் அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பார், அளவு கெட்டுவிடும். எத்தனையோ புதியவர்களுக்கு இதைத் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஊரார் அத்தனை பேரின் பின்னாலும் அரை அடி விட்டுத்தான் நடந்தார். இவளிடம் மட்டும் விடவில்லை. முதல் வருஷம் அவள் நாடா நுனியில் கால் இடறினாள். பிடிக்க வசதியாக இருக்கட்டுமே என்று பக்கத்தில் வந்தார். அதுவே பழகிப்போனது. முப்பத்தெட்டு வருஷமாகப் பக்கத்தில் நடப்பவளின் பின்னால் போலீஸ்காரன் மாதிரி போவதாவது! அரை அடிதானே என்று இருந்துவிட்டார்.

"உண்மையான நடை இதுதான்" என்று டாக்டரம்மா நர்ஸம்மாவின் தாளைத் தொட்டார். "ஆஸ்பத்திரியிலேருந்து வந்தப்ப ஆறு நொடி இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. நம்மகிட்ட அந்த அளவே இல்ல."

"அப்ப இப்பவாவது மாடிக்கு அனுப்புங்க டாக்டர்."

"ஏழைத் தாண்டிட்டாங்களே சார்."

"புள்ளி ஆறுதானே! நான் பக்கத்துலயே நிக்கறேன். சம்பளம் வேணாம், நாள் முழுக்க நிக்கறேன்."

டாக்டரம்மா ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். "நாற்காலில உக்காந்து செய்யற பயிற்சி எழுதித் தரேன். இருக்கிறது இன்னும் குறையாம பாத்துக்கலாம். போனது வருமான்னு என்னால சொல்ல முடியாது. அந்த ரெண்டு வருஷம் நமக்குக் கிடைச்சிருந்தா..." திட்டியிருந்தால்கூட நொடிக்காரர் தாங்கியிருப்பார்.

நல்லபடி இருக்கிறவள் என்று எழுதி எழுதியே, கதவு திறந்திருந்த இரண்டு வருஷமும் அவளை வெளியே நிறுத்திவைத்தது அவர்தான். வேறு யாரும் இல்லை. ஒரு முட்டாள் அளந்திருந்தால்கூட அவள் கால் பிழைத்திருக்கும்.

வெளியே வந்ததும் அவளிடம் சொன்னார். தெருவோரத்தில் நின்று, ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் கைப்பையின் வாரைத் தோளில் சரிசெய்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க பக்கத்துல வந்தா நான் எப்படிங்க மெதுவா நடப்பேன்?" என்றாள். "காய்ச்சலுக்கு அப்புறம் நாடா முடியறதுக்குள்ள மூச்சு முட்டும். நம்பரைப் பாத்து உங்க மூஞ்சி மலருமா, அதுக்காகவே ஓட்டமா ஓடிடுவேன். அது பரீட்சைனுதானே நெனச்சேன். பாஸாகணும்னுதானே பாத்தேன்!"

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக்கூடாதா?"

"நீங்கதானே அளக்கறீங்க. உங்களுக்குத் தெரியாதான்னு இருந்துட்டேன்."

வீட்டுக்குப் போக ஒரு சாலையைக் கடக்கவேண்டும். அகலம் பத்து மீட்டர். பச்சை விளக்கு பதினைந்து நொடி எரியும். கணக்குப் போடவேண்டாம் என்றுதான் நினைத்தார். ஆயுசு முழுக்க வேறென்ன செய்தார், கணக்கு தானாக வந்து நின்றது. அவள் நடைக்குப் பத்தொன்பது நொடி.

பச்சை விழுந்தது. "போலாமா?" என்றாள்.

"அடுத்ததுல போலாம்."

அடுத்ததும் விழுந்தது. ஜனங்கள் இவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள், வந்தார்கள். அதற்கடுத்ததும் போயிற்று. பின்னால் நடந்தால் அவள் நடுச்சாலையில் நிற்கும்போது சிவப்பு விழும். பக்கத்தில் நடந்தால் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள். கையைப் பிடித்து இழுத்துப் போகலாம். அதைத்தானே இத்தனை வருஷமும் செய்தார். தூக்கிக்கொண்டு போக அவருக்கும் வயது அறுபத்தாறு.

"மூத்தவ சொல்றேன், பக்கத்துல வாங்க" என்றாள் அவள். "இங்கயே குடியிருக்கவா முடியும்?"

பக்கத்தில் போனார். பச்சை விழுந்ததும் இருவரும் இறங்கினார்கள். பாதிச் சாலையில் அவள் மூச்சு இரைவது வண்டிச் சத்தத்தையும் மீறி அவர் காதில் விழுந்தது. நடையை மட்டுப்படுத்திப் பார்த்தார். அவளோ அவர் கையை இழுத்துக்கொண்டு விரைந்தாள். எதிர்நடைபாதையில் ஏறும்போது விளக்கில் இன்னும் மூன்று நொடி பாக்கி இருந்தது.

அவள் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். உதடு வெளுத்திருந்தது. வெகுநேரம் கழித்துத் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"பாத்தீங்களா? உங்ககூடன்னா வந்துடறேன்ல?"

நொடிக்காரர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.