விரலிடுக்கு

தோல் டாக்டருக்கு முதல் வேலையே சந்தேகப்படுவதுதான். வருபவர்கள் சொல்வதில் பாதியை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

"குழந்தைக்கு இந்த அரிப்பு இவளாலதான் டாக்டர்," என்று வந்ததும் வராததுமாகக் கைகாட்டினாள் குழந்தையுடைய அம்மாவின் நாத்தனார்க்காரி. கதவோரம் நின்றவள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள தினமும் வந்து போகும் பெண். நாற்காலி காலியாக இருந்தும் அவளை உட்காரச் சொல்லவில்லை. குழந்தை அவளைப் பார்த்துக் கையை நீட்டியது. "தொடாத!" என்று நாத்தனார் ஒரு அதட்டல் போட்டாள். "இவளுக்கு இருக்குன்னு மட்டும் சொல்லுங்க டாக்டர், இன்னைக்கே கணக்கை முடிச்சு அனுப்பிடறோம்."

குழந்தையின் அம்மா குழந்தையின் கையைப் பிடித்து என் பக்கம் நீட்டினாள்.

குழந்தையின் விரலிடுக்கில், கம்ப்யூட்டர் திரையோடு இணைத்த லென்ஸை வைத்தேன். திரையில் தோல் பெரிதாக விரிந்தது. ஒரு வளைந்த வெள்ளைக் கோடு; அதன் நுனியில் பொடியாக ஒரு பழுப்பு முக்கோணம். சிரங்குப் பூச்சி குடைந்த பாதையும் அதன் தலையும்.

அடுத்து அந்தப் பெண். எனக்கும் அவள்மேல்தான் சந்தேகம். விரலிடுக்கு, மணிக்கட்டு, முழங்கை, இடுப்பு என்று இரண்டு தடவை தேடினேன். சோப்பில் வெடித்த தோலைத் தவிர ஒன்றுமில்லை.

"நல்லாப் பாருங்க டாக்டர்!"

"குழந்தை யார்கூடத் தூங்குது?"

"என்கூடத்தான். நான் வந்ததுலேருந்து அம்மாகிட்டகூடப் போகாது," என்றாள் நாத்தனார் பெருமையாக.

"உங்களுக்கு அரிப்பு?"

"எனக்கென்ன அரிப்பு? நான் சுத்தபத்தமா இருக்கறவ."

அவள் கைத்தோல் அளவுக்கு மீறி மினுமினுத்தது. அதுதான் என்னை உறுத்தியது. "கைக்கு என்ன போடறீங்க?"

"ஒண்ணுமில்ல... லேசா ஊறல் எடுத்தா மருந்துக்கடைல குடுத்த களிம்பு."

தோலை மினுக்கி, அரிப்பை அடக்கிவிட்டுப் பூச்சியை வளர்க்கும் ஸ்டீராய்டு களிம்பு. அவள் கையை இழுத்து லென்ஸுக்குக் கீழே வைத்தேன். திரை முழுக்கக் கோடுகள், முக்கோணங்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

"குழந்தைக்கு உங்ககிட்டேருந்துதான் வந்திருக்கு. வீட்ல எல்லாரும் ஒரே நாள்ல உடம்பு முழுக்க மருந்து போடணும்."

நாத்தனார் கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். குழந்தையின் அம்மா எழுந்து அந்தப் பெண்ணிடம் போனாள். "மனசுல வச்சுக்காதம்மா. வா, வீட்டுக்குப் போலாம்," என்று கையைப் பிடிக்கப் போனாள்.

அந்தப் பெண் சட்டென்று பின்னால் நகர்ந்தாள்.

"தொடாதீங்கக்கா. எனக்கும் வீட்ல குழந்தை இருக்கு."