மேலே வந்த செய்தி

ஆஸ்திரியாவில் எங்கள் டிரோல் மலையில் ஒரு வழக்கம் உண்டு. பனிச்சறுக்குப் பந்தயத்தில் முதலில் இறங்கியவர், மூச்சு வாங்கும்போதே வாக்கிடாக்கியைப் பிடித்து, பாதை எப்படி இருக்கிறது என்று மேலே காத்து நிற்பவருக்குச் சொல்லிவிட வேண்டும். நிற்பவர் பரம எதிரியாக இருந்தாலும் பொய் கூடாது. மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டிப் பாய்கிறவளிடம் பொய் சொன்னால் அது கொலை.

அன்று உலகப் போட்டிக்கான அணியில் ஒரே ஓர் இடம்தான் பாக்கி. அதற்கு நானும் ஆஃப்ராவும் மோதினோம். எனக்கு வயது முப்பத்திரண்டு. இதை விட்டால் அடுத்தது கிடையாது. ஆஃப்ரா முதலில் இறங்கினாள். மேலே வாக்கிடாக்கி என் அண்ணன் கெப்ஹார்டின் காதில் இருந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து என் ஸ்கீக்கு மெழுகு தேய்ப்பதும் விளிம்பு தீட்டுவதும் அவன்தான்.

"என்னண்ணா சொல்றா?"

"மேட்டைத் தாண்டினதும் பனி நல்லா பிடிக்குதாம் புர்கி. ஒதுங்காதே, நேரா விடு."

"இவ்வளவு நல்ல சேதி அவ வாயிலேர்ந்தா? இன்னிக்கு மழை கொட்டப் போகுது!"

"அட, போடி!" என்று முதுகில் ஒரு தட்டு தட்டினான்.

நேராக விட்டேன். மேட்டைத் தாண்டி இறங்கிய இடம் பாசி பிடித்த பாறை மாதிரி வழுக்கியது. வெறும் பனிக்கட்டி. கால் இழுத்துக்கொண்டு ஓட, இடுப்பு தரையில் உரச, கையை ஊன்றி எப்படியோ எழுந்து பாதை காட்டும் அடுத்த கொடியைத் தவறவிடாமல் கடந்தேன். கீழே வந்து நேரப் பலகையைப் பார்த்தால் ஆஃப்ராவைவிட ஒரு நொடிக்கு மேல் பின்தங்கியிருந்தேன். போயிற்று, எல்லாம் போயிற்று.

ஸ்கீயைக் கழற்றி எறிந்துவிட்டு நேரே அவளிடம் போனேன்.

"படுபாவி! ஜெயிக்கிறதுக்கு என்னைச் சாகடிக்கப் பாத்தியாடி?"

"என்னடி உளர்றே?" ஆஃப்ராவின் முகம் வெளுத்தது. "மேட்டுக்குப் பின்னாடி ஒரே ஐஸ், நல்லா ஒதுங்கி வான்னு தொண்டை கிழியக் கத்தினேனே! இங்க நிக்கிறவங்களைக் கேளு."

நின்றவர்கள் தலையாட்டினார்கள். கெப்ஹார்டுக்கு அவள்மேல் பைத்தியம் என்று பள்ளத்தாக்குக்கே தெரியும். அதைச் சொல்லி அவனை அதிகம் கேலி செய்தவளே நான்தான். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். இவனுக்கு எதுவுமே ஆடவில்லை.

கெப்ஹார்ட் மலை லிஃப்டில் இறங்கி வந்தான். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான்.

"ஏண்டா?" என்றேன். அண்ணா என்று வாயில் வரவில்லை.

"நீ ரெண்டு உலகப் போட்டி பாத்துட்டே. அவ ஒண்ணுகூடப் பாக்கலை, புர்கி."

ஆஃப்ரா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த இடம் வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

"நான் கழுத்து முறிஞ்சு செத்திருந்தா?"

"சாக மாட்டே." குரலில் துளி நடுக்கம் இல்லை. "அங்க வேற யாரா இருந்தாலும் விழுந்திருப்பாங்க. நீ எழுந்துடுவே. உன்னை எனக்குத் தெரியாதா?"

இத்தனை வருடப் பந்தயத்தில் என்னைப் பற்றி யாரும் இவ்வளவு உயர்வாகப் பேசியதில்லை. அவன் காலடியில் காறித் துப்பிவிட்டு நடந்தேன்.