பதினோரு வீட்டு ஒயின்

“கிளாஸை ஒரு சுத்து சுத்திட்டு மூக்கை நல்லா உள்ள விடுங்க,” என்றாள் திராட்சைத் தோட்டக்காரி டெஸ். சேவைச் சங்கம் ஒயின் ருசி பார்க்க நடத்திய ஆன்லைன் கூட்டத்தில் பன்னிரண்டு கட்டங்களில் பன்னிரண்டு மூக்குகள் இறங்கின. செர்ரி என்றார் ஒருவர். மழை பெய்த மண் என்றார் இன்னொருவர்.

செயலாளர் ஆர்லனுக்கு ஒரு வாசனையும் வரவில்லை. அடுப்படிக்கு ஓடி வினிகரை முகர்ந்தார். காபித் தூளை முகர்ந்தார். எதுவும் மூக்கில் ஏறவில்லை. கொரோனாவுக்கு இதுதான் அடையாளம் என்று எட்டு மாதமாக அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் முழுக்கச் செய்தியில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

போன வெள்ளிக்கிழமை பாட்டில்களை வீடு வீடாகக் கொண்டுபோனவர் அவர்தான். வாசலில் வைத்து மணியடித்துவிட்டு வந்துவிட வேண்டும் என்பது சங்கத்தின் முடிவு. “வச்சுட்டு ஓடுறதுக்கு நான் என்ன கூரியர்காரனா?” என்று எகிறியவரும் அவர்தான். பதினோரு வீட்டிலும் உள்ளே போய் உட்கார்ந்து, முகக்கவசத்தை இறக்கிவிட்டுக் காபி குடித்துவிட்டு வந்தார்.

அவர் திரைக்குத் திரும்பியபோது தலைவர் மெர்ல் கிளாஸை உயர்த்திப் பிடித்திருந்தார். “நம்ம ஆர்லனுக்கு! ஒரு வீடு விடாம உள்ள போய் விசாரிச்ச மனுஷன்!”

எல்லோரும் குடித்தார்கள். எண்பத்தொரு வயது வில்மா மட்டும் கிளாஸை இறக்கி மறுபடி முகர்ந்து பார்த்தார்.

“ஏன்டா ஆர்லன், எனக்கு மட்டும் பச்சைத் தண்ணியக் குடுத்துட்டியா? வாசனையே இல்லையேடா!”

ஆர்லனைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த வேகத்தில் மெர்லுக்கு இருமல் வந்தது.